மிளகுப் புள்ளி

கண்டி
1937 மார்ச் 2

அன்புள்ள ஜெமீலா ராத்தாவுக்குத் தம்பி மர்சூக் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நல்ல சுகம். நீங்களும் கச்சி முகம்மது மச்சானும் தங்கச்சி றஸீனாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. காத்தான்குடி வெயிலை நினைத்தாலே ஆசையாக இருக்கிறது.

ராத்தா, இத்துடன் வரும் அட்டையை நிழலில் வைத்துப் பிரியுங்கள். கடுகு ஒட்டியதுபோல் இருப்பவைதான் பட்டுப்பூச்சியின் முட்டைகள். மைசூர்ப் பெண்பூச்சியையும் ஜப்பான் ஆண்பூச்சியையும் சேர்த்து எங்கள் பண்ணையில் எடுத்த புது இனம். மைசூர்ப் புழு வெக்கையைத் தாங்கும், ஆனால் கூடு சிறிது. ஜப்பான் புழுவின் கூடு பெரிது, வெக்கை பட்டால் செத்துப்போகும். இரண்டையும் கலந்தால் பிள்ளைகள் இரு பக்கத்து நல்லதையும் எடுத்துக்கொள்கின்றன. மனிதக் குடும்பத்தில் இப்படி நடப்பதில்லை என்று மச்சான் சொல்வார், எனக்குத் தெரியும்.

என் வேலை என்னவென்று போன தடவை கேட்டிருந்தீர்கள். முட்டையிட்ட தாய்ப்பூச்சி ஒவ்வொன்றையும் தனித்தனியே சின்ன உரலில் அரைத்து, ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்துப் பார்க்கிறேன். பட்டுப்புழுவுக்கு ஒரு பொல்லாத நோய் உண்டு. அது தாயின் வயிற்றிலிருந்தே முட்டைக்குள் போய்விடும். கிருமி தெரிந்தால் அந்தத் தாயின் முட்டைகளை எரித்துவிடுவோம். தெரியாவிட்டால் அட்டையில் 'சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். உங்கள் அட்டையிலும் என் கையெழுத்துத்தான் இருக்கிறது, தைரியமாக வளருங்கள்.

கைத்தொழில் உத்தியோகத்தர் சொன்னதை மறக்க வேண்டாம். மூன்று தடவை முட்டை வரும். அதில் ஒரு தடவையாவது நல்ல கூடு எடுத்துக் காட்டினால் புழுவுக்கு இலை தரும் வாவிக்கரை முசுக்கொட்டைத் தோட்டமும், ஊர்ப் பெண்களுக்குப் புழு வளர்க்கப் பழக்கும் வேலையும் உங்களுக்கு. இல்லாவிட்டால் தோட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் ஒரு பெண் சர்க்கார் உத்தியோகம் பார்ப்பதை நான் பார்க்க வேண்டும்.

நான் அனுப்பும் காசில் றஸீனாவின் சீதன வீட்டுச் சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று எழுதுங்கள். நோன்புப் பெருநாளைக்குப் பிறகு கலியாணம் என்றால் அதற்குள் கூரை ஏற வேண்டும். வீடில்லாமல் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தான் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

வஸ்ஸலாம்.
மர்சூக்

காத்தான்குடி
1937 ஏப்ரல் 8

அருமைத் தம்பிக்கு ராத்தாவின் சலாம். நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன். றஸீனாவின் வீடு சன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. அவள் நாளுக்கு நாலு தடவை போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறாள்.

நல்ல செய்தி எழுத ஆசைதான். என்ன செய்ய? புழுக்கள் போய்விட்டன.

நீ எழுதினபடியே எல்லாம் செய்தேன். மேற்கு அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தேன். எறும்பு ஏறாமல் தட்டியின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்தினேன். சுளகு நிறையக் கறுப்பு நூல் வெட்டிப் போட்டதுபோல் குஞ்சுகள் பொரித்து வந்தபோது மச்சான்கூட வந்து குனிந்து பார்த்தார். "நம்மட மார்க்கத்துல ஆம்புளைக்கு ஆகாத துணிக்கு இவ்வளவு பாடா? எனக்கு நேரத்துக்குச் சோறு இல்ல, இதுகளுக்கு நாளைக்கு அஞ்சு தரம் விருந்து" என்றார்.

இலை பறித்துத் தர ஒருத்தியை வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர் ஆரைப்பற்றை அன்னப்பூரணி. புருஷன் இல்லை. நம் தெரு யாவாரிகளிடம் நூல் வாங்கிச் சாரன் நெய்து கொடுப்பவள். விடியமுன்னம் தோட்டத்துக்குப் போய்ப் பனி காயக் காத்திருந்து இலை பறித்து வருவாள். எனக்கு இரண்டு கை என்றால் அவளுக்கு நாலு கை.

தோல் கழற்றுமுன் புழு தின்னாமல் கிடக்கும் முதல் நித்திரை நன்றாகத்தான் போனது. இரண்டாம் நித்திரையில் தோல் கழற்றவேண்டிய புழுக்கள் கழற்றவில்லை. முதலில் கவனித்தது அவள்தான். "இஞ்ச பாருகா புள்ள, ஒண்டு பெரிசு, ஒண்டு சிறிசு. எல்லாம் ஒரே நாளில பொரிச்சதுதானே? மேலெல்லாம் மிளகுத்தூள் தூவின மாதிரி இரிக்கி" என்றாள். உண்மைதான், உற்றுப் பார்த்தால் கரும்புள்ளிகள் தெரிந்தன. எட்டு நாளில் சுளகு வெறுமையாகிவிட்டது. நான் அழுதேன் தம்பி. புழுவுக்காக அழுகிறாளே என்று சிரிப்பார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செத்த புழுக்களைக் காயவைத்துக் கடுதாசியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். பார்த்து எழுது.

உன் ராத்தா
ஜெமீலா

கண்டி
1937 ஏப்ரல் 17

அன்புள்ள ராத்தாவுக்கு சலாம். உங்கள் சுகமே என் சுகம். கடிதம் கண்டு மனம் நொந்தேன்.

நீங்கள் அனுப்பிய புழுக்களை அரைத்து நுணுக்குக்காட்டியில் மூன்று தடவை பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆகவே முட்டையில் குற்றமில்லை. புழு வெளியிலிருந்து கெட்டிருக்கிறது. உங்கள் வீட்டில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

இதைக் கேட்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த அன்னப்பூரணி வெற்றிலை போடுகிறவளா? புகையிலை சேர்ப்பாளா? பட்டுப்புழுவுக்குப் புகையிலையைப்போல் விஷம் வேறில்லை. புகையிலைத் தோட்டத்துப் பக்கம் முசுக்கொட்டை நடவே கூடாதென்று ஜப்பான்காரர் எழுதியிருக்கிறார்கள். புகையிலை தொட்ட விரலால் இலையைத் தொட்டாலே போதும். பட்ட புழு தலையைத் தூக்கி ஆட்டும், தின்றதைப் பச்சையாகச் சத்தி எடுக்கும், செத்துப்போகும். தெரியாமலும் நடக்கலாம், தெரிந்தும் நடக்கலாம். உங்களுக்கு இந்த வேலை கிடைப்பது எல்லோருக்கும் பிடித்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? நெய்கிறவளுக்கு அந்த ஆசை இருக்காதா?

நான் அவளைக் கண்டதில்லை, பழி சொல்லவில்லை. கவனமாக இருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். இரண்டாவது அட்டை இத்துடன் வருகிறது. இதையும் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தேன்.

இன்னொன்று, உங்கள் எழுத்து மிகப் பொடியாக இருக்கிறது. கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
மர்சூக்

காத்தான்குடி
1937 ஜூன் 6

அருமைத் தம்பிக்கு சலாம். றஸீனாவுக்கு நாலு நாள் காய்ச்சல் வந்து சுகமாகிவிட்டது. மற்றவர்கள் சுகம். வெக்கையான கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பறித்த இலை கூடையிலேயே வாடிவிடுகிறது, ஈரச்சீலை போட்டு மூடுகிறோம். எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன், இதுவும் போதாதென்றால் சுவரில்தான் எழுத வேண்டும்.

இரண்டாம் தடவையும் அதே கதைதான்.

புகையிலையைப் பற்றி நீ எழுதின வரிகளை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து என் கண் அவளுடைய கையிலேயே இருந்தது. சிரித்தால் ஏன் சிரிக்கிறாள், பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை. சுளகுப் பக்கம் குனிந்தால் நானும் கூடவே குனிவேன். அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஒரு கிழமையாக வாசலிலேயே கூடையை வைத்துவிட்டுப் போனாள்.

புழுக்கள் மறுபடியும் இரண்டாம் நித்திரையோடு சாகத் தொடங்கின அன்று, றஸீனாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய கையைப் பிடித்து மோந்து பார்த்தேன். புகையிலை மணத்தது.

"என்னகா இது?" என்றேன்.

"வெத்திலை போடுறவள்ட கை பின்ன என்ன மணக்கும், மல்லிகைப் பூவா?" என்றாள். "இலை பறிக்க முன்னம் சாம்பல் போட்டுக் கழுவுறன். வேலை முடிஞ்சு மறுகாதான் வாயில போடுறன். பொயிலை பட்ட புழு சத்தி எடுக்கும் எண்டு ஒங்கட தம்பி எழுதினத்த நீதானே எனக்கு வாசிச்சுக் காட்டின? சத்தி எடுத்த புழு ஒண்டக் காட்டு. நான் போறன்."

என்னால் காட்ட முடியவில்லை. ஒரு புழுவும் சத்தி எடுக்கவில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "புழு தன்பாட்டில சாகுமா? நாளைக்கு வராத" என்று சொல்லிவிட்டேன். அவள் கூடையைக் கவிழ்த்து இலையைக் கொட்டிவிட்டுப் போனாள்.

ஆரைப்பற்றையாள் நஞ்சு வைத்தாள் என்று மாலைக்குள் தெருவெல்லாம் பேச்சு. நான் நஞ்சு என்று சொல்லவே இல்லை. யாவாரிகள் இப்போது அவளுக்கு நூல் கொடுப்பதில்லையாம்.

நான் செய்தது சரிதானே? எழுது. செத்த புழுக்களை இந்தத் தடவையும் அனுப்பியிருக்கிறேன்.

உன் ராத்தா
ஜெமீலா

கண்டி
1937 ஜூன் 14

அன்புள்ள ராத்தாவுக்கு சலாம். தங்கச்சியின் காய்ச்சல் விட்டதற்கு அல்ஹம்துலில்லாஹ்.

நீங்கள் செய்தது சரியே. மனதைப் போட்டுக் குழப்ப வேண்டாம். அனுப்பிய புழுக்களைப் பார்த்தேன், கிருமி இல்லை. மூன்றாவது அட்டை வருகிறது. இதுதான் கடைசி. அறையைப் பூட்டித் திறப்பை உங்கள் இடுப்பிலேயே வைத்திருங்கள். இலையையும் நீங்களே பறியுங்கள். றஸீனாவைக்கூட உள்ளே விட வேண்டாம். யார் மனதில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

கையெழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இங்கே விளக்கு சரியில்லை.

வஸ்ஸலாம்.
மர்சூக்

காத்தான்குடி
1937 ஜூலை 28

அருமைத் தம்பிக்கு சலாம். சுகம் கேட்டு நீ எழுதுவாய், சுகம் என்று நான் எழுத வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவதும் போய்விட்டது.

அந்த அறைக்குள் என்னைத் தவிர ஓர் ஈ நுழையவில்லை. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வாவிக்கரைக்கு நானே போனேன். இலையை மூன்று தண்ணீரில் கழுவினேன். மச்சான் கதவுக்கு வெளியே நின்று, "உள்ளுக்க என்ன, தங்கப் புதையலா?" என்று கேட்டார். றஸீனா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கூடப்பிறந்தவளையே சந்தேகப்படுகிறீர்களா என்று கேட்டாள். நான் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இலை கழுவப் போய்விட்டேன்.

அவ்வளவு செய்தும் அதே சிறிசு பெரிசு, அதே மிளகுப் புள்ளி. அன்னப்பூரணி இல்லாத அறையில் அன்னப்பூரணியின் புகையிலை எப்படி வந்தது? நீ படித்தவன், சொல்லு.

இன்னொரு காரியமும் நடந்தது. முந்தாநாள் நான் தொழுதுவிட்டு எழும்பும்போது பின்வளவில் ஏதோ சத்தம். சன்னலால் பார்த்தேன். அவள்தான். வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, சாம்பல் கும்பியில் நான் கொட்டிய செத்த புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாழையிலையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினதும் மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள். செத்த புழு எதற்கு ஒருத்திக்கு? சூனியம் என்கிறார்கள் பெண்கள். மச்சான் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னும் ஒரு தடவை தரச்சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்றும் ஏன் கெட்டன என்று விசாரித்து எழுதின பிறகுதான் முடிவு என்று உத்தியோகத்தர் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் நேரில் வருவாராம்.

உன் ராத்தா
ஜெமீலா

கண்டி
1937 ஆகஸ்ட் 4

அன்புள்ள ராத்தாவுக்கு சலாம்.

அவள் புழுவை எடுத்துப்போனதை உடனே ஊர் விதானையாரிடம் சொல்லி வையுங்கள். குற்றம் இல்லாதவள் வேலி தாண்டுவாளா? உத்தியோகத்தர் கேட்டால் இலை பறித்தவளின் கையால் வந்த கேடு என்று சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு தடவை அவள் தொட்ட நஞ்சு அறையிலேயே தங்கியிருக்கும், அதுதான் மூன்றாம் தடவையும் கெட்டது.

மீதிப் புழு ஏதாவது இருந்தால் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். வேறு யாருக்கும் காட்ட வேண்டாம். தெரியாதவர்கள் கண்டதையும் சொல்லிக் குழப்புவார்கள்.

மர்சூக்

காத்தான்குடி
1937 ஆகஸ்ட் 19

தம்பிக்கு சலாம். எல்லோரும் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல்.

இத்துடன் ஒரு சின்னக் குப்பி வருகிறது. உள்ளே இருப்பதை நுணுக்குக்காட்டியில் பார்த்து, என்ன தெரிகிறதென்று மட்டும் எழுது.

ஜெமீலா

கண்டி
1937 ஆகஸ்ட் 26

அன்புள்ள ராத்தாவுக்கு சலாம். நான் சுகம். குப்பி உடையாமல் வந்தது. கடிதம் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கிறீர்களே, என்மேல் ஏதும் கோபமா?

குப்பியில் இருந்ததை இன்று காலை முழுவதும் பார்த்தேன். கழுவின கண்ணாடிபோல் இருக்கிறது. ஒரு கிருமியும் இல்லை. நான் ஆரம்பத்திலிருந்து சொல்வது இப்போதாவது உறுதியாகிவிட்டதல்லவா?

றஸீனாவின் கூரைக்கு மரம் ஏறிவிட்டதா?

வஸ்ஸலாம்.
மர்சூக்

காத்தான்குடி
1937 செப்டம்பர் 7

மர்சூக்குக்கு சலாம்.

நீ புழுவை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று எழுதின கடிதம் வந்த நாலாம் நாள், பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அன்னப்பூரணி என் வாசலில் வந்து நின்றாள். "வாகா, நான் செஞ்ச சூனியத்தக் காட்டுறன்" என்றாள். வராவிட்டால் பயந்துவிட்டேன் என்பார்கள். மச்சானையும் கூட்டிக்கொண்டு வண்டியில் போனேன். பாலம் தாண்டிப் பட்டணத்துக்கு, ஒரு கல்லூரியில் படிப்பிக்கும் இளையதம்பி மாஸ்டரிடம் கொண்டுபோனாள். அவளுக்கு அவரை முன்பின் தெரியாது. நூல் இல்லை, நெசவு இல்லை, சும்மா இருக்கிறவளுக்கு நேரம் நிறைய இருந்தது என்றாள். பட்டணத்தில் யாரிடம் நுணுக்குக்காட்டி இருக்கிறதென்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறாள்.

மாஸ்டர் என்னையே பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த திருகைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். அல்லாஹ்வே! பளபளவென்று, அரிசியைக் கொட்டிப் பரப்பினதுபோல். எண்ண முடியாது. என் கையால் நான் வளர்த்து, நான் கழுவின இலையைத் தின்று செத்த புழுவுக்குள் இருந்தவை அவை.

இந்தக் கரையில் இதற்கு முன் ஒரு பட்டுப்புழுவும் இருந்ததில்லை, அதனால் நோய் முட்டையோடுதான் வந்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றார் அவர். புள்ளி மிளகுத்தூள் மாதிரி இருந்ததென்று அன்னப்பூரணி சொன்னபோது அவர் சிரித்தார். வெள்ளைக்காரர் இந்த நோய்க்கு வைத்த பேரே மிளகைக் குறிக்கிற பேர்தானாம். ஏப்ரலில் நான் உனக்கு அதே வார்த்தையை எழுதினேன். அவருக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாதா?

உன்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் அந்தக் குப்பியைக் கேட்டு வாங்கினேன். அதில் இருந்தது அவர் அரைத்த அதே புழுதான், அதே அரிசிதான். அதைப் பார்த்துவிட்டுக் கழுவின கண்ணாடி என்று எழுதியிருக்கிறாய்.

நீ வெற்றிலைக்காரி என்று சொன்னாய், நான் கையைப் பிடித்து மோந்தேன். சொன்னது நீ, மோந்தது நான். வெட்கத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நீ பொய்யனா, குருடனா? இரண்டில் ஒன்றைச் சொல்லு.

ஜெமீலா

கண்டி
1937 அக்டோபர் 10

ராத்தாவுக்கு சலாம். ஒரு மாதமாக எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆறு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

இரண்டும்தான் ராத்தா.

போன வருஷக் கடைசியில் வலது கண்ணில் பனி விழுந்ததுபோல் தொடங்கியது. மாசி மாதத்தில் இடது கண்ணிலும் வந்தது. நுணுக்குக்காட்டியில் வெள்ளை வட்டம் மட்டும்தான் தெரிகிறது. அதற்குள் இருப்பது தெரியவில்லை. உங்களுடைய முதல் அட்டையைப் பார்த்தபோதே அப்படித்தான். ஒன்றும் தெரியவில்லை, அதனால் ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அது பொய் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

மிளகுத்தூள் என்று நீங்கள் எழுதினதை வாசித்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், எனக்கு வேறொரு காரணம் வேண்டியிருந்தது. இலை பறிக்க ஒருத்தி வருகிறாள் என்ற வரி கண்ணில் பட்டது. புகையிலை என்று எழுதினேன். எழுதி முடித்தபோது நானே அதைப் பாதி நம்பிவிட்டேன். சத்தி எடுக்கவில்லை என்று நீங்கள் எழுதின இடத்தை வாசிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கண் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை? றஸீனாவின் வீடு சுவரோடு நிற்கும். அந்த ஒன்றைத்தான் நினைத்தேன், வேறு யாரையும் நினைக்கவில்லை.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், கூரை ஏறும்வரை, பெருநாள் முடியும்வரை, யாரிடமும் சொல்ல வேண்டாம். அதன் பிறகு நானே சொல்லிவிட்டு விலகுகிறேன். அதுவரைக்கும் உங்களுக்கு இன்னொரு அட்டை கிடைக்க வேண்டுமென்றால், பக்கத்து மேசைக்காரர் பார்த்த அட்டையாக வாங்கி அனுப்புகிறேன். நல்ல முட்டையாக இருக்கும்.

மர்சூக்

காத்தான்குடி
1937 நவம்பர் 21

என் தம்பிக்கு ராத்தாவின் சலாம். நோன்பு பதினேழு ஆகிவிட்டது. நாங்கள் சுகம். இதை யார் உனக்கு வாசித்துக் காட்டுகிறாரோ அவருக்கும் என் சலாம். ஒரு வரியையும் விடாமல் வாசிக்கச் சொல்லு.

நீ கேட்டபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாஸ்டரும் அன்னப்பூரணியும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நீ என் தம்பி. என்னிடம் இருப்பது ஒரே தம்பி.

இம்மாதம் முதலாம் திகதி உத்தியோகத்தர் வந்தார். விசாரித்து எழுதியாகிவிட்டது என்று ஒரு கடுதாசியை வாசித்தார். 'இலை பறித்த பெண்ணின் கவனக்குறைவினால் புகையிலை நஞ்சு பட்டு மூன்று தடவையும் கெட்டது.' ஊரெல்லாம் சொன்னதைத்தான் அவர் எழுதியிருந்தார். கீழே நான் கையெழுத்து வைத்தால் குற்றம் என்னுடையதல்ல என்று ஆகும், நாலாவது அட்டை கிடைக்கும். பேனையையும் தந்தார்.

பொய் சொல்லமாட்டேன் தம்பி, பேனையைத் திறந்தேன். கூரையை நினைத்தேன், உன்னை நினைத்தேன், அந்த வேலையையும் நினைத்தேன். நீயும் இப்படித்தானே ஒவ்வோர் அட்டைக்கும் கையெழுத்து வைத்திருப்பாய் என்று அப்போது தோன்றியது. பேனையைக் கீழே வைத்தேன். உள்ளே போய் நீ எல்லாம் ஒப்புக்கொண்ட கடிதத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். றஸீனா கதவுக்குப் பின்னால் நின்று, "கொடுக்காதங்க ராத்தா" என்று அழுதாள். கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு உன் பண்ணையில் நடந்ததை உத்தியோகத்தர் மறுபடி வந்தபோதுதான் எனக்குச் சொன்னார். சோதிப்பதற்கு உன் முன்னால் நுணுக்குக்காட்டியை வைத்தபோது, குனிந்து பார்க்கமுன்னமே சுத்தம் என்று சொன்னாயாம். அதைக் கேட்டு நான் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். இப்போது கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்றார். நீயாக ஒரு வரி எழுதவில்லை.

வேலை எனக்கில்லை. அன்னப்பூரணிக்குத்தான் கொடுத்தார்கள். செத்த புழுவைத் தூக்கிக்கொண்டு நுணுக்குக்காட்டி தேடி அலைந்தவள்தான் பழக்கிக்கொடுக்க ஏற்றவள் என்றார் அவர். எனக்கு எரிந்தது. நியாயம் என்று தெரிந்தும் எரிந்தது. போன கிழமை அவள் நாலாவது அட்டையோடு என் வீட்டுக்கு வந்தாள், நான் பழக வேண்டுமாம். வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிச்சிக்ககா என்று அழுதேன். "மன்னிப்பெல்லாம் மறுகா பாப்பம், இலை வாடுது" என்று உள்ளே போய்விட்டாள். இன்னும் அதைப் பற்றி அவள் பேசவில்லை. யாவாரிகள் மட்டும் இப்போது அவளுக்கு நூலைத் தாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

றஸீனாவின் வீடு மரம் ஏறாமல் நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பெருநாளைக்குப் பிறகு பேசலாம் என்கிறார்கள். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னைக் கூப்பிடுவது வேறு காரியத்துக்கு. உன் கையெழுத்து வைத்த அட்டைகள் என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. இன்னும் இருபத்துமூன்று வீடுகளுக்குப் போயிருக்கின்றன. உத்தியோகத்தர் பட்டியலைக் காட்டினார். நீ எங்களுக்கு எழுதினதுபோல் மற்ற வீடுகளுக்கும், முட்டையில் குற்றமில்லை, உங்கள் வீட்டில் தேடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அவர்களும் தேடியிருக்கிறார்கள். மாத்தளைப் பக்கம் ஒரு வீட்டில், தீட்டோடு சுளகைத் தொட்டாள் என்று மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவள் கையில் ஐந்து மாதப் பிள்ளை. இன்னும் திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் விட்டதும் ரயில் ஏறி இங்கே வா. கண் சுகமானாலும் வா, ஆகாவிட்டாலும் வா. குற்றம் முட்டையில்தான் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் நீ சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இருபத்துமூன்றையும் எழுதி முடித்த பிறகுதான் உனக்கு இந்த வீட்டில் சோறு. மாத்தளைக்கு எழுதுவதை மட்டும் நீ வரும்வரை வைத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கே உன் பேரில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

உன் ராத்தா
ஜெமீலா